பயம் ஓரிடம், ஆபத்து வேறிடம்: தொற்றுக் காலத்தில் வெளியே வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவிட் தொற்றுக்காக 2020 மார்ச் 26 நள்ளிரவோடு தென்னாப்பிரிக்கா பூட்டப்பட்டது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பினேன். பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், கூடவே புதிதாக ஒரு காகிதம். இவர் அத்தியாவசியப் பணியாளர், வெளியே போக அனுமதி உண்டு என்று கடையில் எழுதிக் கொடுத்த கடிதம் அது. எந்நேரமும் வண்டிகள் முட்டி மோதும் ஹிக்கின்சன் ஹைவேயில் ஒரு நாய் மட்டும் நடுரோட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தது. அம்மா கேட் வரை வந்து "பாத்துப் போம்மா" என்றாள். எதைப் பார்ப்பது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கேஷியர்களை மேற்பார்வை செய்வது என் வேலை. மாஸ்க் கட்டாயம் நீங்கிய 2022 ஜூன் 22 வரை "வீட்டிலிருந்தே வேலை" என்பது எங்களுக்கு டிவியில் கேட்கிற வார்த்தைதான். டில்லை, அதாவது பணம் வாங்கும் கல்லாவை, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. இப்போதும் குளிர்காலத்தில் வரிசையில் யாராவது தொடர்ந்து இருமினால் புதிதாகச் சேர்ந்த பெண்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். "மறுபடி அப்படி ஒண்ணு வந்தா என்ன பண்றது ஆன்ட்டி?" அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பயந்துகொண்டே வேலைக்குப் போய் வந்தவள், அவ்வளவுதான்.

முதலில் ஒரு நோட்டு, மூன்று நாள்

கவலை நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதாகத் தோன்றும். அது உண்மையில்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதைத் தொட்டபோது, யார் பக்கத்தில் வந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது என்று மூன்று நாள் குறித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுங்கள். பழைய டில் ரசீதின் பின்பக்கம் போதும். நான் அதில்தான் எழுதினேன்.

என் கணக்கு இப்படி இருந்தது. டாக்சியில் (இங்கே டாக்சி என்றால் பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) பின்சீட்டுக்காரர்களின் சில்லறையை வாங்கி முன்னே கொடுக்கும்போது 9. டில்லில் கசங்கிய நோட்டை வாங்கும்போது 9. வாடிக்கையாளர் மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேசினால் 8. வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது 10. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் 10. ஊழியர்கள் டீ குடிக்கும் அறையில் 1.

அந்த 1-ஐ நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, ஆபத்துக்குத் தனி மார்க்

பயத்தைக் குறித்த அதே தாளில், பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு ஆபத்தை எழுத வேண்டும். இதற்கு நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் வழி வேறு. காலரா தண்ணீர் வழியாக வரும், பிளேக் எலியின் தெள்ளுப்பூச்சி வழியாக வரும். ஆகவே அடுத்த தொற்று வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை பேர் செத்தார்கள்" என்பதல்ல, "எதன் வழியாக வருகிறது" என்பதுதான்.

கோவிட் முக்கியமாக மூச்சுக்காற்று வழியாக வந்தது. ஆரம்பத்தில் எல்லோரும் பொருட்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். பால் பாக்கெட்டைக் கழுவினோம், தக்காளியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டோம். 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட ஒரு பரப்பைத் தொடுவதால் நோய் ஒட்டும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. மூடிய அறை, நிறைய பேர், நெடுநேரம், மாஸ்க் இல்லாத பேச்சு: இந்த நான்கும் எங்கே சேர்கின்றனவோ அங்கேதான் ஆபத்து உச்சம். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் நோயைப் பரப்ப முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருமுகிறவரை மட்டும் பார்த்து ஒதுங்கினால் போதாது.

இப்போது என் தாளை மறுபடி பாருங்கள். டாக்சிச் சில்லறைக்குப் பயம் 9, ஆபத்து 1. அதே டாக்சியில் ஜன்னல் மூடியிருந்தால் ஆபத்து 8, ஆனால் அதை நான் குறிக்கவே இல்லை. டில் வாடிக்கையாளர் இரண்டு நிமிடம் நின்று போகிறார், நடுவே கண்ணாடி போன்ற பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் தடுப்பு, கதவு திறந்திருக்கிறது. ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். 4 போடலாம். டீ அறை? ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஆறேழு பேர் அரை மணி நேரம் மாஸ்க்கைக் கழற்றிச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்துப் பேசுகிறோம். 10.

அந்நியரிடம் பயம், நம் ஆட்களிடம் பயமில்லை. மனசு அப்படித்தான் கணக்குப் போடும். கிருமிக்கு அந்த வேறுபாடு தெரியாது. 2020 மார்ச், ஏப்ரலில் டர்பனில் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே கோவிட் பரவியதைக் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 39 நோயாளிகளுக்கும் 80 ஊழியர்களுக்கும் தொற்று. எல்லாம் அநேகமாக வெளியிலிருந்து வந்த ஒரே ஒரு நோயாளியிடம் தொடங்கியது. அந்த 39 பேரில் 15 பேர் இறந்தார்கள். நோயாளிகளைவிட ஊழியர்கள் இரு மடங்கு என்பதைப் படித்தபோதுதான் எங்கள் டீ அறையை நினைத்து எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

மூன்றாவது, பயத்தை ஆபத்து இருக்கும் பக்கம் நகர்த்துங்கள்

"கவலைப்படாதே" என்று சொன்னால் யாருக்கும் கவலை போகாது. ஆனால் அதை இடம் மாற்றலாம். நோட்டைத் தொட்டுத் தொட்டுப் பயந்த சக்தியை டாக்சி ஜன்னலுக்குத் திருப்பினேன்.

டாக்சி: ஜன்னலோர இருக்கை கிடைக்கும்வரை ஒரு வண்டியை விடுவது. ஏறியதும் ஜன்னலைத் திறப்பது. "குளிருது" என்று யாராவது மூடச் சொன்னால் சண்டை வேண்டாம். டர்பன் குளிர் என்ன பெரிய குளிர்! "எனக்கு மூச்சு முட்டும், கொஞ்சம் திறந்திருக்கட்டும் மாமா" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வண்டிக்குள் போன் பேச வேண்டாம். சில்லறையை வாங்கிக் கொடுங்கள், இறங்கியதும் சானிடைசர் தேய்த்தால் அந்தக் கதை முடிந்தது. 70 சதவீத ஆல்கஹால் இருக்கிறதா என்று பாட்டிலில் பாருங்கள். வாசனைத் தண்ணீரை ஊற்றி விற்றவர்களும் இருந்தார்கள்.

டில்: மாஸ்க் மூக்கின் மேல் ஒட்டி நிற்க வேண்டும். பக்கவாட்டில் காற்று போனால் வெறும் அலங்காரம். துணி மாஸ்க் ஒன்றுமில்லாததற்கு மேல். கே.என்.95 வகை கிடைத்தால் அதுவே நல்லது. மாஸ்க் இறக்கிப் பேசுகிற வாடிக்கையாளரிடம் கோபப்பட்டால் அவர் இன்னும் சத்தமாகப் பேசுவார், இன்னும் கொஞ்சம் காற்று வரும். பாதி அடி பின்னால் தள்ளி, சாமானை ஸ்கேன் செய்தபடியே, "அங்கிள், மாஸ்க்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

டீ அறை: இதுதான் பெரிய சீர்திருத்தம், இதற்குத்தான் எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. சாப்பாட்டு நேரத்தை மூன்றாகப் பிரித்தோம். ஒரு வேளைக்கு இரண்டு பேர். மற்றவர்கள் பின்பக்கம் சாமான் இறக்கும் இடத்தில், கவிழ்த்துப் போட்ட பால் கிரேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெயில் முகத்தில் அடிக்கும், லாரிப் புகை வரும். இருந்தாலும் காற்று ஓடும். முதல் வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை, ஏதோ கோபித்துக்கொண்டது போல. இரண்டாவது வாரம் சுலு பேசும் தோழி ஒருத்தி தன் கிரேட்டை எனக்கு இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டு, அங்கிருந்தே கத்திக் கதை சொல்ல ஆரம்பித்தாள். தனியாகச் சாப்பிட்டால் பயம் கூடுகிறது. ஆகவே தூரம் வையுங்கள், பேச்சை நிறுத்தாதீர்கள்.

நான்காவது, மேலிடத்தில் கேட்பது

தனி ஆளாகச் செய்ய முடிவதற்கு ஓர் எல்லை உண்டு. காற்றோட்டம், ஷிஃப்ட், மாஸ்க் எல்லாம் முதலாளியின் கையில். கேட்கப் பயமாக இருக்கும், வேலை போய்விடுமோ என்று. அதனால் எப்படிக் கேட்பது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள், ஆனால் அதைச் சொல்லித் தொடங்காதீர்கள். 1993-ஆம் ஆண்டின் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டப்படி 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஊழியர்களிலிருந்து ஒரு பாதுகாப்புப் பிரதிநிதி இருக்க வேண்டும். கடை, அலுவலகம் என்றால் 100 பேருக்கு ஒருவர், மற்ற இடங்களில் 50 பேருக்கு ஒருவர். எங்கள் கடையிலும் ஒருவர் இருந்தார். அவர்தான் பிரதிநிதி என்பது அவருக்கே மறந்து போயிருந்தது! 2020-இல் அரசு கொண்டுவந்த கோவிட் பணியிட விதிகள், ஒவ்வொரு ஊழியருக்கும் குறைந்தது இரண்டு துணி மாஸ்க் இலவசமாகத் தர வேண்டும், ஊழியர்களுக்கிடையே 1.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றன. அடுத்த தொற்றுக்கு விதிகள் வேறாக இருக்கலாம். வந்தவுடன் படித்துவிடுங்கள்.

இரண்டு, தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகவும் போகாதீர்கள். மூன்று பேர் சரியான எண்ணிக்கை. ஒருத்தி பேச, ஒருத்தி குறிக்க, ஒருத்தி சும்மா நிற்க. சும்மா நிற்கிறவளுக்கு மதிப்பு அதிகம்.

மூன்று, பயத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள். "எங்களுக்குப் பயமாக இருக்கிறது சார்" என்றால் "எல்லாருக்கும்தான்" என்று பதில் வரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது, முதல் தடவை. இரண்டாம் தடவை இப்படிக் கேட்டோம்: "டீ அறையில் ஆறு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருத்தருக்கு வந்தாலும் ஆறு பேரும் ஒரே வாரத்தில் வீட்டில். சனிக்கிழமை டில்லில் யார் உட்காருவது?" மூன்றாம் நாள் ஷிஃப்ட் மாறியது. கேட்டது, கிடைத்த பதில், தேதி மூன்றையும் வாட்ஸாப்பில் ஒரு வரியாக அனுப்பி வையுங்கள். எழுத்தில் இருப்பது எழுத்தில் இருக்கட்டும்.

சர்க்கரை, ஆஸ்துமா, கர்ப்பம் போன்றவை இருந்தால் டாக்டரிடம் கடிதம் வாங்கி முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பின்பக்க ஸ்டாக் வேலைக்கு மாற்றக் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. சாட்ஸ்வொர்த்தில் சர்க்கரை இல்லாத வீடு எது?

ஐந்தாவது, வாசற்படி

எனக்கு 10 போட்ட இடம் இது. நாம் நோயில் விழுவதைவிட நம்மால் வீட்டுக்கு வந்துவிடுமோ என்பதுதான் பெரிய நெருப்பு. எங்கள் வீடு சாட்ஸ்வொர்த்தின் பழைய ஒட்டுவீடுகளில் ஒன்று, நடுவில் ஒரே சுவர். அம்மாவுக்கு 74, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. முதல் மாதங்களில் நான் வெளிக் குழாயில் கழுவி, துணி மாற்றி, குளித்து, மறுபடி கழுவி, அப்புறமும் அம்மா பக்கத்தில் போகாமல் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். கை தோல் உரிந்தது. பயம் மட்டும் உரியவில்லை.

மாற்றியது அம்மாதான். "நம்ம ஆயா காலத்துல அம்மை போட்ட வீட்ல எப்படி இருந்தாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் மாரியம்மனையும் கூடவே கொண்டுவந்தார்கள். இன்னமும் ஆடியில் கூழ் ஊற்றுகிறோம். அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள், அதை அவமரியாதையாகவும் எடுக்கமாட்டார்கள். படுத்தவருக்குத் தனிப் பாய், தனித் தட்டு. குணமானதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். ஊற்றியதும் முடிந்தது. பிறகு யாரும் ஒதுங்கமாட்டார்கள்.

அம்மா சொன்னதில் எனக்கு உறைத்தது அந்தத் தண்ணீர்தான். ஒதுங்குவதற்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. என் வாசற்படிச் சடங்குக்கு முடிவே இல்லை. ஆகவே ஒரு முடிவு வைத்தோம். வந்ததும் செருப்பு வெளியே, மாஸ்க் பைக்குள், சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவல், வேலைத் துணி கூடைக்குள், ஒரு குளியல். குளித்ததும் அம்மா "தலைக்கு ஊத்தியாச்சா?" என்று கேட்பாள். "ஆச்சும்மா." அதற்குப் பிறகு மறுபடி கழுவக்கூடாது. உங்கள் வீட்டில் வேறு ஒரு வார்த்தை இருக்கலாம். வேறொருவர் வாயிலிருந்து அது வருவது முக்கியம், ஏனென்றால் நம் மனசு நமக்கு "போதும்" என்று சொல்லாது.

ஊரில் தொற்று உச்சத்தில் இருந்த வாரங்களில் மட்டும் அம்மாவோடு சாப்பாடு பின்கட்டில், திறந்த வெளியில். ஜன்னல்கள் எப்போதும் திறந்தே இருக்கும்.

ஆறாவது, ஃப்ரிட்ஜில் ஒட்டும் தாள்

"வந்தால் என்ன ஆகும்" என்பது சுழலும் கேள்வி. "வந்தால் என்ன செய்வோம்" என்பதற்கு விடை எழுதலாம். ஒரு பக்கம் போதும்.

யாருக்கு வந்தால் யார் எந்த அறை. எங்களுக்குப் பின்னால் ஒரு அவுட்பில்டிங் இருந்தது, வாடகைக்கு விட்டிருந்தோம். ஆள் காலி செய்ததும் நோய் அறையாக வைத்துக்கொண்டோம். அது இல்லாதவர்கள் ஒரு மூலையும் ஒரு ஜன்னலும் ஒதுக்கினால் போதும், அந்த ஜன்னல் திறக்க வேண்டும். அம்மாவின் மாத்திரை கையில் ஒரு மாதத்துக்கு இருக்கிறதா? யார் கடைக்குப் போவது? எந்த அண்ணன் இரவிலும் கார் எடுப்பார்?

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று தெருவில் நான்கு வீட்டுக்குச் சேர்த்து வாங்கினோம். 95-க்குக் கீழே இறங்கினால் டாக்டரைக் கூப்பிடுவது, 90-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. ஆவி பிடிக்கலாம், ரசம் குடிக்கலாம், பக்கத்து வீட்டுச் சுலு பாட்டி கொடுத்த உம்லோன்யானே என்ற மூலிகைக் கஷாயமும் குடிக்கலாம், மூக்குக்கு இதமாக இருக்கும். அது ஆக்சிமீட்டர் எண்ணை மாற்றாது.

பிறகு பணம். படுத்தால் சம்பளம் போகுமே என்று காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பலருக்குத் தங்கள் உரிமை தெரியவில்லை. மூன்று ஆண்டுச் சுழற்சிக்கு, ஆறு வாரத்தில் நீங்கள் எத்தனை நாள் வேலை செய்வீர்களோ அத்தனை நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. வாரம் ஐந்து நாள் என்றால் 30 நாள். சேர்ந்த முதல் ஆறு மாதம் மட்டும் 26 வேலை நாளுக்கு ஒரு நாள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போனால் டாக்டர் சான்று கேட்பார்கள். இதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

ஏழாவது, செய்தி

இரவு எட்டு மணிக்கு ஜனாதிபதி பேச வந்தால் நாடே "குடும்பக் கூட்டம்" என்று கேலி செய்யும். அதைப் பார்க்கலாம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எண்ணிக்கை பார்க்கலாம். குடும்ப வாட்ஸாப் குழுவை மியூட் செய்யுங்கள். பெரியம்மா அனுப்பும் குரல் பதிவுக்கு மறுநாள் காலை ஒரு கும்பிடு போட்டால் போதும்.

எட்டாவது, இரவு இரண்டு மணி

நெஞ்சு இறுகும், மூச்சு போதாது, உடம்பு வியர்க்கும். கோவிட் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். பதற்றமும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். நான் செய்தது: எழுந்து உட்கார்ந்து காய்ச்சல் பார்ப்பது, விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுவது. இரண்டும் சரியாக இருந்தால் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுவது, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் விஷயம், நெஞ்சுத் துடிப்பு அதில்தான் தணிகிறது. பதற்றம் பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கும். இறங்காமல், நடக்கும்போது மூச்சு வாங்கினால், அல்லது வலி கைக்கும் தாடைக்கும் ஏறினால் அது பதற்றம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

எனக்கு உதவிய இன்னொன்று, மாலை ஐந்தரைக்குக் கவலைக்கென்று கால் மணி நேரம். நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதுவேன். செய்யக் கூடியதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, செய்ய முடியாததற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. இரவில் அதே கவலை எழுப்பினால் "உன்னை எழுதியாச்சு, நாளைக்கு ஐந்தரைக்கு வா" என்று சொல்வேன். சிரிப்பாக இருக்கும். லோட் ஷெடிங் மின்வெட்டு இருட்டில் தனியாகக் கிடக்கும்போது சிரிப்பு கெடுதல் இல்லை.

ஒன்பதாவது, தாங்காமல் போகும்போது

2020 டிசம்பரில் புதிய உருமாற்றம் பரவி இரண்டாம் அலை எழுந்தபோது எங்கள் தெருவில் மட்டும் மூன்று சாவு. சாவுக்கு ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு, சுடுகாட்டில் காத்திருப்பு, பதினாறாம் நாள் காரியம் போன் திரையில். அழுவதற்குத் தோள் கிடைக்காத சாவு உள்ளேயே தங்கிவிடுகிறது. கூட வேலை செய்த ஒருத்தி டில்லில் உட்கார்ந்து, ஒரு வாழைப்பழத்தை ஐந்து முறை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். அண்ணன் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவளை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பினேன். அதற்கு முந்தைய ஒன்பது நாளும் ஏன் அனுப்பவில்லை என்பது என்னுடைய கணக்கு.

இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குக் கிளம்பும்போது வாந்தி வருகிறது, குடி கூடுகிறது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆள் தேடுங்கள். அரசு கிளினிக் நர்ஸிடம் "தூக்கம் வரலை" என்று சொன்னால்கூடப் போதும், அங்கிருந்து பேச்சு தொடங்கும். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்ற அமைப்பின் இலவச எண் 0800 567 567, இரவிலும் எடுப்பார்கள். கூப்பிடத் தயக்கமாக இருந்தால் பக்கத்தில் ஒருத்தரை உட்கார வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அந்த எண்ணை இப்போதே போனில் ஏற்றி வையுங்கள். இரண்டு மணி இருட்டில், டேட்டா தீர்ந்த போனில் தேட முடியாது.